ஆங்கிலேயர் கடல் கடந்த கதை: கேள்வி பதில்

கேள்வி: கொலம்பஸ் 1492இலேயே கரீபியன் தீவுகளை அடைந்துவிட்டார். இங்கிலாந்து மட்டும் ஏன் நூறாண்டு பிந்தியது?

பதில்: இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் பட்டயத்தோடு, அதாவது எழுத்துவழி அரச அனுமதியோடு, பிரிஸ்டலிலிருந்து புறப்பட்ட ஜான் கேபட் 1497இல் வட அமெரிக்கக் கரையைத் தொட்டார். ஆனால் அங்கே கிடைத்தது தங்கமன்று, மீன். ஆங்கில வணிகர்களுக்கோ கம்பளித் துணியை இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆண்ட்வெர்ப் சந்தைக்கு அனுப்பினாலே போதிய இலாபம் வந்தது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தச் சந்தை ஆட்டங்கண்ட பிறகுதான் அவர்கள் தொலைக்கடல்களை நாடினர். பலர் பங்கு போட்டு முதல் திரட்டிய மஸ்கோவி கம்பெனி (ரஷ்யாவுடன் வணிகம் செய்தது) 1555இல் பட்டயம் பெற்றது. அரசு தன் கருவூலத்தைத் திறக்காமலேயே நாடு பிடிக்கும் வழி இந்தக் கூட்டுப்பங்கு முறையிலிருந்துதான் கிளைத்தது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அயர்லாந்துதான் முதல் காலனி என்கிறார்களே, சரியா?

பதில்: சரி என்றே சொல்வேன். அயர்லாந்தின் தென்பகுதியான மன்ஸ்டரில் டெஸ்மண்ட் பிரபுவின் கிளர்ச்சி 1583இல் ஒடுக்கப்பட்டதும் அங்குள்ள நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டு ஆங்கிலேயருக்குப் பங்கிடப்பட்டன. எலிசபெத் அரசியின் அரசவையைச் சேர்ந்த வால்ட்டர் ராலி ஒருவரே 40,000 ஏக்கருக்கு மேல் பெற்றார். அதே ராலிதான் வட அமெரிக்கக் கரையோர ரோனோக் தீவுக்குக் குடியேற ஆட்களை அனுப்பினார். மன்ஸ்டரில் கொடுமையாகப் படை நடத்திய ஹம்ஃப்ரி கில்பர்ட்தான் 1583இல் நியூஃபவுண்ட்லாந்தை எலிசபெத்தின் பெயரால் உரிமை கோரினார். மண்ணின் மக்கள் நாகரிகமற்றவர்கள், நிலத்தைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் என்ற வாதமும் அயர்லாந்தில் ஒத்திகை பார்க்கப்பட்ட பிறகே அட்லாண்டிக்கைக் கடந்தது.

கேள்வி: ரோனோக்கில் குடியேறியவர்கள் மாயமாய் மறைந்தார்களாமே?

பதில்: உணவு கொண்டுவர 1587இல் இங்கிலாந்து சென்ற ஆளுநர் ஜான் வைட், ஸ்பெயினுடனான போரால் 1590 வரை திரும்ப முடியவில்லை. அவருடைய மகளும் கைக்குழந்தையான பேத்தியும் அங்கேயே இருந்தனர். திரும்பியபோது ஆளில்லை, ஒரு கம்பத்தில் 'குரோட்டோவான்' என்ற சொல் மட்டும் செதுக்கப்பட்டிருந்தது. அது அருகிலிருந்த தீவின் பெயர். ஆபத்து நேர்ந்தால் பொறிக்குமாறு சொல்லியிருந்த சிலுவைக் குறி காணப்படவில்லை. ஆகவே அவர்கள் அங்கே போயிருக்கலாம் என்று வைட் நம்பினார். புயல் அவரைத் தேடவிடவில்லை. இதை மாயம் என்பதைவிடக் கைவிடப்பட்டவர்களின் துயரம் என்பதே பொருந்தும்.

கேள்வி: ஜேம்ஸ்டவுன் மட்டும் எப்படித் தப்பியது?

பதில்: மயிரிழையில்தான். வர்ஜீனியா கம்பெனி 1607இல் அமைத்த அந்தக் குடியேற்றம் உப்புநீர் கலந்த சதுப்புக் கரையில் இருந்தது. 1609–10 குளிர்காலத்தில், அப்பகுதிப் பழங்குடியினரான பவ்ஹாட்டன் மக்களின் முற்றுகைக்குள் சிக்கிய பல நூறு பேரில் ஏறத்தாழ 60 பேரே எஞ்சினர். குதிரை, நாய், எலி, செருப்புத்தோல் வரை தின்றனர். ஏறத்தாழ 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மண்டையோட்டில் கத்திக்கீறல்கள் இருப்பதை அகழாய்வாளர்கள் 2013இல் அறிவித்தபோது, மனித இறைச்சியும் உண்ணப்பட்டது என்ற பழைய குறிப்புகள் உறுதியாயின.

அதைக் காப்பாற்றியது புகையிலை. ஜான் ரால்ஃப் 1612 வாக்கில் பயிரிட்ட கரீபியன் வகை லண்டனில் நல்ல விலைக்குப் போனது. ஆனால் புகையிலை சில ஆண்டுகளிலேயே மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். எனவே புது நிலமும் மேலும் கைகளும் தேவைப்பட்டன. ஓர் ஆளின் கப்பல் செலவை ஏற்பவருக்கு 50 ஏக்கர் என்று கம்பெனி அறிவித்தது. ஏழை ஆங்கிலேயர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். 1619இல் இருபதுக்கும் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டு உணவுப்பொருளுக்கு மாற்றாக விற்கப்பட்டனர். பழங்குடியினரின் நிலப்பறிப்பையும் அடிமை முறையையும் இந்தப் பயிரின் கணக்கிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

கேள்வி: மதராசுக்கு வந்ததும் இதே வகையா?

பதில்: பங்கு முறை ஒன்று, நோக்கம் வேறு. 1600 டிசம்பர் 31 அன்று பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிளகு வேண்டும். மிளகு விளைந்த இன்றைய இந்தோனேசியத் தீவினரோ ஆங்கிலக் கம்பளியை விரும்பவில்லை, சோழமண்டலப் பருத்தித் துணியைத்தான் கேட்டனர். அதனால்தான் ஃபிரான்சிஸ் டே 1639இல் அப்பகுதியை ஆண்ட நாயக்கரிடம் கடலோர மணல்வெளியைப் பெற்றார். வர்ஜீனியாவில் ஆங்கிலேயரைக் குடியேற்றிய அதே கம்பெனி முறை, இங்கே கோட்டை மதிலுக்கு வெளியே நம் நெசவாளர்களைக் குடியேற்றியது.