பசுமை வீடா? பில்லை எடுங்கள்

கேள்வி: கோத்தகிரியில் 1,200 சதுர அடியில் வீடு கட்டிக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ‘பசுமை வீடு’ என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். சோலார் ஹீட்டர், மழைநீர்த் தொட்டி எல்லாம் உண்டு. ஆனால் ஹாலில் உட்கார முடியாத குளிர். நிஜமாகவே பசுமைதானா என்று நாமே அளந்து பார்க்க முடியுமா? போன வருடத்து ஆறு இ.பி. பில்லும் சேர்த்து 2,200 யூனிட். சிமென்ட் 450 மூட்டை இறங்கியது.
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மூட்டைக்கணக்கு வரை எழுதி வைத்திருக்கிறீர்களே அம்மா, பாதி வேலை முடிந்தது.

முதலில் கரன்ட். 1,200 சதுர அடி என்பது 111 சதுர மீட்டர். 2,200-ஐ அதால் வகுத்தால், சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 20 யூனிட். அலுவலகக் கட்டடங்களுக்கு பி.இ.இ. (மின்சாரச் சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பு) நட்சத்திரம் தருவதும் இப்படி நிஜ பில்லை வகுத்துப் பார்த்துத்தான். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். குன்னூரில் என் வீட்டுக்கு 14 வந்தது, பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். “வெந்நீர் அடுப்பில் எரிகிற சீகை விறகை யார் கணக்கில் எழுதுவது?” என்று என் மனைவி கேட்டாள். அன்றோடு வாயை மூடிக்கொண்டேன். கேஸும் அப்படித்தான். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். வருடத்துக்கு எட்டு சிலிண்டர் என்றால் உங்கள் 20 என்பது 33 ஆகிவிடும்.

இனி சிமென்ட். சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் (ஓ.பி.சி.) ஒரு மூட்டை தயாராவதற்குள் ஏறக்குறைய 40 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 450 மூட்டைக்கு 18 டன். கரன்டுக்கு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று வைத்தால், உங்கள் வருடக் கணக்கு ஒன்றரை டன்தான். ஆக, நீங்கள் பால் காய்ச்சும் முன்பே பன்னிரண்டு வருடக் கரன்டுக்கான புகை போய்விட்டது! கம்பி, செங்கல், மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிய லாரியின் டீசல் எல்லாம் தனி. கட்டிக்கொடுத்தவர் சொன்ன பசுமையில் இது சேர்ந்திருக்காது என்பது என் சந்தேகம். பின்னால் மாடி எடுத்தால் அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் கேளுங்கள், ஓரளவு குறையும்.

ஹாலில் பள்ளத்தாக்கைப் பார்க்கப் பெரிய கண்ணாடி போட்டிருப்பார்களே? ஒற்றைக் கண்ணாடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வெப்பத்தை வெளியே விடும். ஹாலில் ஒரு தெர்மாமீட்டர், வாசலில் ஒன்று வைத்து, விடிகாலை ஆறு மணிக்கு ஒரு வாரம் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் இரவில் கனமான திரையை இழுத்துவிட்டுக் குறியுங்கள். கண்ணாடிதான் காரணமா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் தொட்டி. 100 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை பெய்தால் கிட்டத்தட்ட 2,000 லிட்டர் வர வேண்டும். மழை விட்டதும் ஒரு குச்சியை விட்டு ஆழம் பாருங்கள். முதல் வருடம் என் தொட்டியில் முழங்கால் அளவுகூட ஏறவில்லை. குழாய் வாயில் கற்பூர மர இலை அடைத்துக் கிடந்தது.