குழப்படி செய்யாத பிள்ளைக்கும் ஏ.டி.எச்.டி. இருக்கலாமா?

கேள்வி: மகளுக்கு 9 வயது. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். கொப்பி மட்டும் எப்போதும் பாதியில் நிற்கிறது. இது ஏ.டி.எச்.டி.யாக இருக்குமா? (தாய், பொகவந்தலாவை)

இருக்கலாம். ஏ.டி.எச்.டி. என்பது கவனக் குறைவோ, துடிதுடிப்பும் அவசரமுமோ, இரண்டுமோ வயதுக்கு மீறி இருக்கும் நிலை. 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் அளவுகோலில் கவனக் குறைவுக்கு 9 அறிகுறிகள், துடிதுடிப்புக்கும் அவசரத்துக்கும் 9. பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பக்கத்தில் 6 போதும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில், துடிதுடிப்பு இல்லாமல் கவனக் குறைவே முக்கியமாகத் தெரியும் பங்கு பையன்களை விடப் பெண் பிள்ளைகளில் அதிகம். வகுப்பைக் குழப்பாத பிள்ளையை யார் கிளினிக்குக்கு அனுப்பப் போகிறார்கள்? சாதாரண தரம் நெருங்கும்போது கண்டுபிடித்தால், அதற்குள் "நான் மக்கு" என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கும்.

2 வாரம் திகதி போட்டு எழுதுங்கள். பீலிக்கு அனுப்பினால் குடத்தை அங்கேயே விட்டு வருகிறாளா? சேர்த்துச் சொன்ன இரண்டு வேலையில் இரண்டாவது மறந்துபோகிறதா? அழிறப்பர் வாரத்தில் எத்தனை தொலைகிறது? ஆறு மாதத்துக்கு மேல், வீட்டிலும் பாடசாலையிலும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால்தான் கணக்கு. விடியுமுன் எழுந்து தம்பியையும் பார்த்துக்கொள்ளும் பிள்ளை தூக்கம் போதாமலும் சோர்ந்திருக்கும். இரத்தச் சோகை, காது, பார்வை ஆகியவற்றையும் முதலில் சோதியுங்கள்.

கேள்வி: ஏ.டி.எச்.டி. என்று முடிவெடுக்க மாணவிகளுக்கு வெட்டுப்புள்ளி வேறா? (ஆசிரியை, ஹட்டன்)

புலமைப்பரிசில் மாதிரி மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி இல்லை. அந்த 6 அறிகுறி என்ற கணக்கு இருபாலாருக்கும் ஒன்றே. பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையின் நடத்தைக்குப் புள்ளி போட்டு நிரப்பும் கொனர்ஸ் போன்ற படிவங்களில் மட்டும் வயது, பால் வாரியாக ஒப்பீட்டு அட்டவணை உண்டு. அதுவும் வட அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துச் செய்தது. மொழிபெயர்த்த படிவத்தின் மொத்தப் புள்ளியை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அட்டவணையை விடப் பெரிய கோளாறு நிரப்புகிறவர் மனதில் இருக்கிறது. மேசைமேல் ஏறிய பெண் பிள்ளைக்கு "மிக அதிகம்", அதையே செய்த பையனுக்கு "சில வேளை" என்று போடுகிறோம். ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறவளுக்கோ ஒன்றுமே போடுவதில்லை. "அடக்கமானவள்" என்று எழுதாதீர்கள். கரும்பலகையில் 10 வரி இருந்தால் எத்தனை வரி எழுதினாள் என்று எழுதுங்கள்.

கேள்வி: 7 வயது மகன் பாடசாலையில் மட்டும் குழப்படி. மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். (தந்தை, பதுளை)

ஓரிடத்தில் மட்டும் என்றால் அளவுகோலுக்குள் வராது. வாசிப்பில் பின்தங்கியிருக்கிறானா, அடிக்கு, கேலிக்குப் பயப்படுகிறானா பாருங்கள். மருந்தை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

கேள்வி: யாரிடம் போவது? (தாய், தலவாக்கலை)

ஆதார வைத்தியசாலையின் சிறுவர் அல்லது உளநலக் கிளினிக். கொப்பிகள், உங்கள் 2 வாரக் குறிப்பு, டீச்சரின் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். முன்கூட்டிப் பேச வேண்டுமென்றால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926.