கொழுந்து ஆப்பும் ஆர்த்தோகனல் அரேயும்: கேள்வி பதில்

ஹட்டனில் தேயிலைக் கொழுந்து நிறுவையும் பேரும் (அன்றைய சம்பளத்துக்கான வரவு, முழுதாகவோ அரையாகவோ) பதியும் ஆப் ஒன்றைச் சோதிக்கும் வேலை எனக்கு. இத்துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகள் கேட்டவை இவை.

அண்ணா, ஆப்பின் அமைப்புகள் (settings) சேரும் எல்லாச் சேர்க்கையையும் சோதித்துப் பார்க்காமல் எப்படி நம்புவது? (நுவரெலியா)

பெரும்பாலான பிழைகள் ஒரு அமைப்பிலோ, இரண்டு அமைப்புகள் சேரும் இடத்திலோதான் வருகின்றன. மொழி, சிக்னல், பேர் என்று மூன்றை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலை. மொத்தம் 8 சேர்க்கை. இந்த 4 போதும்:

தமிழ், சிக்னல் உண்டு, முழுப்பேர்
தமிழ், சிக்னல் இல்லை, அரைப்பேர்
சிங்களம், சிக்னல் உண்டு, அரைப்பேர்
சிங்களம், சிக்னல் இல்லை, முழுப்பேர்

எந்த இரண்டு நிரலை (column) எடுத்தாலும் நாலு ஜோடியும் சரியாக ஒரு தடவை வரும். இப்படி ஜோடிகள் சம தடவை வரும் அட்டவணைதான் ஆர்த்தோகனல் அரே. விரலை வைத்து எண்ணிப் பாருங்கள், அப்போதுதான் மனதில் நிற்கும். மூன்று நிலையுள்ள நான்கு அமைப்பென்றால் 81 சேர்க்கை 9 ஆகச் சுருங்கும்.

இந்த அரேயைக் கண்டுபிடித்தது ஜப்பானியப் பொறியியலாளர் டகுச்சியா? (பண்டாரவளை)

இல்லை. 1940களில் இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் கொடுத்த கணிதம். டகுச்சி அதைத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோனார்.

ஆங்கிலத்தையும் சேர்த்தால்? (தலவாக்கலை)

நல்ல கேள்வி. இப்போது 3, 2, 2 நிலைகள். முழுச் சேர்க்கையே 12. ஆர்த்தோகனல் அரேயில் ஜோடிகள் சம தடவை வரவேண்டும். அதனால் வரிசைகளின் எண்ணிக்கை 6ஆலும் (3×2) 4ஆலும் (2×2) வகுபட வேண்டும். அதுவும் 12தான், முழுச் சேர்க்கையைவிட ஒன்றும் குறையவில்லை! சமமாக வராவிட்டாலும் ஒரு தடவையாவது வந்தால் போதும் என்பது கவரிங் அரே. அதற்கு 6 போதும். மென்பொருளுக்குச் சமநிலை பெரிதாகத் தேவையில்லை என்பதால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அப்படிச் சோதித்தும் பிழை நம் கண்ணில் படாமல் தப்புமா அண்ணா? (மஸ்கெலியா)

தப்பும். மேலே உள்ள நாலில் ‘தமிழ், சிக்னல் இல்லை, முழுப்பேர்’ இல்லை. எங்களுக்குப் பிழை வந்ததும் அங்கேதான். சிக்னல் திரும்பியதும் பதிவு ஏறவில்லை. ஒரு அம்மாவின் ஒரு நாள் பேர் காணாமல் போனது. மூன்றும் சேரும்போது மட்டும் வருவதை ஜோடிச் சோதனை பிடிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. சம்பளத்தைத் தொடும் இடத்தில் இப்போது எட்டையும் ஓட்டுகிறோம்.

நடக்கவே முடியாத சேர்க்கை வந்தால் அந்த வரிசையை வெட்டலாமா? (ஹப்புத்தளை)

வெட்டாதீர்கள். அதிலிருக்கும் மற்ற நல்ல ஜோடிகளும் கூடவே போய்விடும். பிக்ட் (PICT) போன்ற, ஜோடி அட்டவணை எடுத்துத் தரும் கருவியில் அந்தக் கட்டுப்பாட்டை முதலே எழுதிவிட்டு, அட்டவணையைப் புதிதாக எடுங்கள்.