எரிபொருள் மிச்சமானால் புகையும் குறையுமா?

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு நாளும் வேலைக்குப் போய் வருகிறேன். பாவித்த டீசல் வான் ஒன்றும் சிறிய பெற்றோல் ஹைபிரிட் கார் ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்திருக்கின்றன. வான் லீற்றருக்கு 12 கிலோமீற்றரும் கார் 20 கிலோமீற்றரும் ஓடும் என்கிறார்கள். அப்பாவுக்குத் தொய்வு இருக்கிறது. எரிபொருள் குறைந்தால் புகையும் குறையும்தானே? கடற்காற்று அடிக்கும் ஊரில் இதைப் பார்க்கத்தான் வேண்டுமா?

பதில்: காரையே பாருங்கள். அப்பாவின் தொய்வு ஒன்றே அதற்குப் போதுமான காரணம்.

எரிபொருள் குறைந்தால் நிச்சயமாகக் குறைவது கரியமில வாயு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ, டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ வெளியேறும். நாளொன்றுக்கு 60 கிலோமீற்றர் ஓடினால் வானுக்கு 5 லீற்றர், காருக்கு 3 லீற்றர். வான் விடுவது 13.5 கிலோ, கார் விடுவது 7 கிலோ அளவு.

ஆனால் பூமியைச் சூடாக்கும் இந்த வாயு அப்பாவின் மூச்சை இறுக்குவதில்லை. அதைச் செய்பவை நுண்ணிய கரித்துகள்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும். துகள் வடிகட்டி இல்லாத பழைய டீசல் இயந்திரம், லீற்றருக்கு எவ்வளவு ஓடினாலும், இவற்றை அதிகம் கக்கும். ஆகவே விற்பவர் சொல்லும் கிலோமீற்றர் கணக்கை வைத்துப் புகையை மதிப்பிட முடியாது. கடற்காற்று புகையைக் கலைக்கும் என்பது உண்மைதான். ஆனால் காத்தான்குடி பிரதான வீதி நெரிசலில், சைலன்சருக்குப் பின்னால் துவிச்சக்கர வண்டியில் நிற்கும் பிள்ளை, காற்று வந்து கலைக்கும் முன்பே அதைச் சுவாசித்துவிடுகிறது. இதைச் சிறிய விடயமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த நெரிசலில்தான் ஹைபிரிட்டின் பலனும் தெரியும். நின்று நின்று ஊரும்போது பெரும்பாலும் இயந்திரம் அணைந்து மின்கலத்தில் ஓடும்.

ஹைபிரிட் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. அதிகாலையில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். முதலில் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ இயக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். வேறொரு நாள் போங்கள். குளிர்ந்த இயந்திரத்தை இயக்கும்போது வரும் மெல்லிய வெண்ணீராவி சற்று நேரத்தில் மறைய வேண்டும். நீலப் புகை, ஒயில் எரிவதைக் காட்டும். கறுப்பு, எரிபொருள் முழுதாக எரியாததைக் காட்டும். வெண்புகை விடாமல் வந்தால் இயந்திரத்துக்குள் குளிரூட்டி நீர் கசிகிறதா என்று சந்தேகியுங்கள்.

பிறகு கராஜில் காரை உயர்த்தி, புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதிலுள்ள பிளாற்றினம், பலேடியம் போன்ற உலோகங்களுக்காகக் கழற்றி விற்றுவிடுபவர்கள் உண்டு. அது இல்லாத பெற்றோல் கார் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவைத் தாராளமாக வெளிவிடும். கண்ணுக்குப் புகை தெரியாது.

வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எடுத்த புகைப் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். சித்தி என்ற வரியோடு நிறுத்தாமல், காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன் (எரியாமல் வெளியேறும் எரிபொருள்) அளவுகள் எல்லையை ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டி நின்றால் மெக்கானிக்கிடம் காரணம் கேட்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். ஹைபிரிட் மின்கலத்தையும் கணினியில் சோதிக்கச் செய்யுங்கள். அதை மாற்றும் செலவு, எரிபொருளில் மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கை விழுங்கிவிடக்கூடும்.