அப்ரென்டிஸ் விசா என்று ஒன்று கிடையாது

பெரம்பூரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கணவருக்கு லண்டனில் மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறது. தை பிறந்ததும் இருவரும் கிளம்புகிறார்கள். பி.எட். முடித்து நான்கு ஆண்டுகள் யு.கே.ஜி. வகுப்பெடுத்த தான், அங்கே ஒரு நர்சரியில் அப்ரென்டிஸாக, அதாவது ஊதியத்தோடு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெறுபவராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வர முடியுமா என்பது அவருடைய கேள்வி. கணவரின் விசாவோடு போனால் அதில் சேர முடியாது, தனியாக ‘அப்ரென்டிஸ் விசா’ எடுத்துத் தருகிறேன் என்று தி.நகரில் ஒரு முகவர் 25,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறாராம். குளிர், வாடகை, புளி, பருப்பு பற்றியும் கேட்டிருக்கிறார்.

மார்கழிக்கு மேற்கு மாம்பலத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருப்பதால் சாவகாசமாக எழுத முடிகிறது. புளியும் பருப்பும் லண்டனின் ஈஸ்ட் ஹாமில் தாராளமாகக் கிடைக்கும். குளிருக்கான கோட்டு அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள், தி.நகரில் விற்கும் கம்பளிச் சட்டைகள் ஊட்டிக்குத்தான் தாங்கும். வாடகையை உங்கள் கணவர் கவலைப்படட்டும். எனக்குக் கவலை அந்த முகவரைப் பற்றித்தான்.

பிரிட்டனில் அப்ரென்டிஸுக்கென்று ஒரு விசா கிடையாது. நர்சரி உதவியாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஸ்பான்சர் செய்து ஆளெடுக்கவும் வழியில்லை. 2025 ஜூலையில் திறன் பணியாளர் விசாவைப் பட்டப்படிப்பு நிலையிலுள்ள வேலைகளுக்கென்று உயர்த்திவிட்டார்கள். கணவரைச் சார்ந்த விசாவில் போகும் உங்களுக்கு முதல் நாளிலிருந்தே வேலை செய்யும் உரிமை உண்டு. ஆனால், இங்கிலாந்தில் அப்ரென்டிஸ் பயிற்சிக்கு அரசு தரும் நிதியைப் பெற, பயிற்சி தொடங்குவதற்கு முன் 3 ஆண்டுகள் பிரிட்டனில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். முகவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது எளிதில் நம்பும்படி இருக்கிறது. அந்த மூன்று ஆண்டுகளை எந்த முகவராலும் விலைக்கு வாங்கித் தர முடியாது.

நான் 2012-இல் போனபோது இதை எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. பி.எட். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு, தூறலில், லண்டனின் ஹாரோ பகுதியில் ஐந்து நர்சரிகளின் வாசல் ஏறி இறங்கினேன். எல்லோரும் புன்னகைத்தார்கள், ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த வட்டாரத்தில் இருந்த சென்னைப் பெண்களிடம் கேட்டபோது, எந்தக் கடையில் எந்த நாளில் தள்ளுபடி என்பதுவரை சொன்னார்களே தவிர, வேலை என்றதும் “எதற்கு இந்த ஆயா வேலை, உங்கள் வீட்டுக்காரர் நன்றாகத்தானே சம்பாதிக்கிறார்?” என்றார்கள். கடைசியில் வழி காட்டியவர், நூலகத்தில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அறிமுகமான யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். பள்ளியொன்றில் துப்புரவு வேலையில் தொடங்கி, அதே பள்ளியில் உதவி ஆசிரியராக வந்தவர் அவர். “முதல் சும்மா போய் நில்லுங்கோ, உங்களைப் பாக்கட்டும்” என்றார். அவர் சொன்னபடி ஒரு குழந்தைகள் மையத்தில் வாரம் இரண்டு நாள் ஊதியமின்றி நின்றேன். பிறகு அங்கிருந்தவர்களின் பரிந்துரையில் ஒரு நர்சரியில் மதிய உணவு நேரத்துக்கு மட்டும் வேலை கிடைத்தது.

மூன்று ஆண்டுகள் முடிந்து, 2015 இலையுதிர் காலத்தில் மூன்றாம் நிலை (லெவல் 3) அப்ரென்டிஸ் பயிற்சியில் சேர்ந்தேன். அப்போது அப்ரென்டிஸுக்கு மணிக்கு 3 பவுண்டு 30 பென்ஸ். நூறால் பெருக்கி ரூபாயாக்கி மனதைத் தேற்றிக்கொள்வேன். பேருந்துக் கட்டணத்தையும் அப்படிப் பெருக்கிப் பார்த்த அன்று அந்தப் பழக்கத்தை விட்டேன். 2025 ஏப்ரலில் அந்த அப்ரென்டிஸ் ஊதியம் 7 பவுண்டு 55 பென்ஸ் ஆனது. முதல் ஆண்டு முடிந்தபின் 21 வயது நிறைந்தவருக்குப் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் (2025 ஏப்ரலில் அது 12 பவுண்டு 21 பென்ஸ்) தந்தாக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு: பயிற்சியே இல்லாத சாதாரண உதவியாளராகச் சேர்ந்தால் அந்தப் பொதுவான ஊதியம் உங்களுக்கு முதல் நாளே கிடைக்கும். ஆகவே காத்திருக்கும் மூன்று ஆண்டுகளை உதவியாளராகக் கழிப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

நீங்கள் எதிர்பார்க்காத சிரமம் வேறொன்று இருக்கிறது. உங்கள் யு.கே.ஜி. வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று தெரியாது. எனக்கு இங்கே 38 பேர் இருந்தார்கள். அங்கே இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர், இரண்டு வயதுக் குழந்தைகள் ஐவருக்கு ஒருவர் என்பது சட்டம். இவ்வளவு குறைந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு எழுத்துகூடக் கற்பிக்காமல் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு இளக்காரமாக இருந்தது. ஆர்வக் கோளாறில் எழுத்து அட்டைகள் எழுதிக்கொண்டு போனேன். 21 வயதான என் அறைத் தலைவி அவற்றைப் பணிவாக வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, மணலில் விளையாடும் ஒரு குழந்தையைப் பத்து நிமிடம் பேசாமல் கவனித்து, பார்த்ததை எழுதித் தரச் சொன்னாள். நான் எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. அவள் அதே குழந்தையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சிறியவளிடம் டயப்பர் மாற்றக் கற்றுக்கொண்டபோது கூசாத மனம், அந்த ஒரு பக்கத்தைப் படித்தபோது கூசியது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீபாவளிக்குச் சக ஊழியர்களுக்கென்று கடலை உருண்டை செய்து கொண்டுபோனவள், டப்பாவை ஊழியர் அறையில் வைக்காமல் குழந்தைகள் அறையின் தாழ்வான அலமாரியில் வைத்துவிட்டேன். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தை அந்த டப்பாவைத் திறக்கும் நேரத்தில் அறைத் தலைவி பிடுங்கினாள். யாரும் கத்தவில்லை, நடந்ததைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திடச் சொன்னார்கள். கழிப்பறைக்குள் போய் அழுதேன். நம் ஊரில் பிள்ளையின் வாயில் ஒரு வாய் ஊட்டுவது பாசம். அங்கே உங்கள் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு பருக்கைகூடப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நறுக்காமல் வைக்கக் கூடாது, உங்கள் கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது. இவற்றை வெள்ளைக்காரரின் கெடுபிடி என்று வாராவாரம் புலம்பிய ஒரு சென்னைத் தோழி எட்டே மாதத்தில் நின்றுவிட்டார். திறமையில் அவர் என்னைவிட ஒரு படி மேல்தான்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டுதான். சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவா மையத்திலோ உங்களுக்கு வசதியான வேறு மையத்திலோ காவல்துறைத் தடையின்மைச் சான்று வாங்கிவிடுங்கள். குழந்தைகளோடு வேலை செய்பவருக்கு அங்கே நடக்கும் டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனையோடு, முன்பு வசித்த நாட்டின் சான்றையும் கேட்பது வழக்கம். இரண்டாவது, பட்டப்படிப்பின் மதிப்பெண் பட்டியல்களை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். வெளிநாட்டுப் பட்டங்களைப் பிரிட்டன் பட்டங்களோடு ஒப்பிடும் ஈனிக் அமைப்பின் சான்றுக்கு அவை தேவைப்படும். உங்கள் பட்டம் கணக்கிலோ அறிவியலிலோ இருந்து, 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடமெடுத்த அனுபவமும் இருந்திருந்தால் ஆசிரியர் தகுதிக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம் என்றிருப்பேன், யு.கே.ஜி. அனுபவத்துக்கு அந்த வழி பொருந்தாது.

அந்த 25,000 ரூபாய்க்கு முகவர் ரசீது கொடுத்தாரா? கொடுத்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு, நாளைக்கே தி.நகர் போய்ப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.