மாலி அம்பரா, பேக்லைட்டா?

கேள்வி: என் தம்பி கானாவில், அக்ராவில் வேலை பார்க்கிறான். போன லீவுக்கு வந்தபோது 'மாலி நாட்டு அம்பர், 200 வருடப் பழசு' என்று ஒரு மஞ்சள் மணிச்சரம் கொண்டுவந்தான். ஒவ்வொரு மணியும் எலுமிச்சம்பழம் பருமன். அதே கடையில் இன்னொரு சரமும் தந்தக் காப்பும் இருக்கிறதாம். வாங்கச் சொல்லட்டுமா? — ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் கையில் இருக்கும் சரத்தை அவிழ்த்து ஒரு மணியை எடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில், இனிக் கரையாது என்னும் வரை உப்பைப் போட்டுக் கலக்கி, மணியை அதில் விடுங்கள். அம்பர் என்பது மண்ணுக்குள் கல்லாக இறுகிப்போன பழங்காலத்து மரப்பிசின், அது மிதக்கும். மூழ்கினால் பெரும்பாலும் பேக்லைட் வகைப் பிளாஸ்டிக். லியோ பேக்கலண்ட் அதைக் கண்டுபிடித்ததே 1907-இல். அப்புறம் 200 வருடம் எங்கிருந்து வரும்?

மிதந்துவிட்டது என்றும் உடனே முடிவுகட்ட வேண்டாம். நம் குங்கிலியம் மாதிரி கோப்பால் என்று ஒரு பிசின் இருக்கிறது, அதுவும் மிதக்கும். துளை ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அம்பர் இல்லை. ஊசியைக் காய்ச்சிக் குத்தச் சொல்வார்கள், செய்யாதீர்கள். அந்தத் தழும்பு போகவே போகாது.

மூழ்கினாலும் சரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐரோப்பாவில் செய்து அனுப்பிய அந்த மணிகளை மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அணிந்திருக்கிறார்கள். அங்குள்ள ஃபுலானி இனப் பெண்கள் பின்னலில் கோத்துத் தலையில் சூடுவார்கள். துளையை உற்றுப் பாருங்கள். நூல் உரசி உரசி விளிம்பு மழுங்கி, பக்கத்து மணி இடித்த இடம் தட்டையாகியிருந்தால் அது நெடுநாள் உடம்பில் கிடந்த மணி. விரிசல் விட்டதைக் கம்பியால் தைத்து வைத்திருப்பதும் உண்டு. என்னைக் கேட்டால் தையல் போட்ட மணிதான் உசத்தி. ஒருத்தி அதை விட மனமில்லாமல் வைத்திருந்தாள் என்று தெரிகிறது. ஆகவே இன்னொரு சரம் வாங்கலாம், ஆனால் அம்பர் விலைக்கு வேண்டாம். என்ன பொருள் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

தந்தக் காப்பு வேண்டவே வேண்டாம். யானைத் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்தைத் தடுக்க 1989-லேயே உலக நாடுகள் முடிவெடுத்துவிட்டன. இந்தியாவில் 1991-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி ஆப்பிரிக்கத் தந்த வியாபாரத்தையும் தடை செய்தார்கள். பழசு என்று கடைக்காரர் சொல்லும் வார்த்தை விமான நிலையத்தில் எடுபடாது.

தம்பி அக்ராவில் இருக்கும்போது மாலிச் சரத்தையே ஏன் தேட வேண்டும்? வியாழக்கிழமை கானாவிலேயே கொஃபொரிடுவா என்ற ஊரில் கூடும் மணிச் சந்தைக்குப் போகச் சொல்லுங்கள். க்ரோபோ மக்கள் செய்யும் கண்ணாடி மணிகள் அங்கே கிடைக்கும். பழைய பாட்டில்களை மாவாக இடித்து, களிமண் அச்சுக்குழியில் நிரப்பி, நடுவில் மரவள்ளி இலைக்காம்பைச் செருகிச் சூளையில் வைப்பார்கள். காம்பு எரிந்துபோன இடம்தான் துளை. பெண் பிள்ளைகள் பெரியவர்களாவதைக் கொண்டாடும் டிப்போ சடங்கில் இடுப்பிலும் கழுத்திலும் இந்த மணிகளைத்தான் அடுக்குவார்கள். வாங்கும்போது யார் செய்தது, எந்த ஊர் என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதிச் சரத்தோடு வைக்கச் சொல்லுங்கள்.