அத்தை வீட்டில் ஒரு மதியம்

கேள்வி: திருமணமாகி எட்டு மாதம் ஆகிறது. எனக்குச் சொந்த ஊர் கோவை, கணவருக்குத் தேவிபட்டினம் பக்கம். இருவருக்கும் சென்னையில் வேலை. மே மாதம் நான்கு நாள் விடுப்பு எடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே காரில் தனுஷ்கோடி வரை போகலாம் என்று திட்டம். நாங்கள் இருவர் மட்டும் போகிற முதல் பயணம் இது. இப்போது மாமியார், "வழியில அத்தை வீட்ல ரெண்டு நாள் தங்கிட்டுப் போங்க" என்கிறார். என் கணவர் ஒன்பதாவதிலிருந்து பிளஸ் டூ வரை அந்தத் தேவிபட்டினம் அத்தை வீட்டில் தங்கிப் படித்தவர். அங்கே போனால் கீழக்கரை சித்தப்பா கோபித்துக்கொள்வாராம். அத்தை வீட்டு மாமாவுக்கு விசைப்படகில் வேலை. நானோ மீன் வாசனைக்கே ஓடுகிறவள். வேண்டாம் என்று சொன்னால் தவறா?
– வாசகி, சென்னை

பதில்: இரண்டு நாள் வேண்டாம் என்பதில் தவறே இல்லை. போகவே வேண்டாம் என்றால் நான் உங்கள் பக்கம் இல்லை. நான்கு வருடம் சோறு போட்ட வீடு. அந்த ஊர் விலக்கைக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்து போனால், தனுஷ்கோடி வரை உங்கள் கணவர் வாயைத் திறக்க மாட்டார். அப்புறம் இருவர் மட்டும் போய் என்ன பயன்?

ஒரு மதியச் சாப்பாடு போதும். முதல் நாள் இரவு வேளாங்கண்ணிப் பக்கம் தங்கிவிட்டு விடிகாலையில் கிளம்பினால், தொண்டி வழியாக மதியத்துக்குள் அத்தை வீடு. இரண்டு மணிக்கு எழுந்துவிட வேண்டும். இதற்குப் பொய்க்காரணம் தேட வேண்டியதில்லை. அங்கிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 2025-இல் திறந்த புது ரயில் பாலத்தைப் பார்க்கப் பாம்பன் சாலைப் பாலத்தில் நீங்களும் நிற்காமல் போக மாட்டீர்கள். சாயங்காலமானால் தனுஷ்கோடிக்குள் வண்டி விடமாட்டார்கள். இது அத்தைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். "இருட்டுறதுக்குள்ள போகணும்" என்றால் அவரே அவசரப்படுத்துவார்.

ஆனால் இதை மாமியாரிடமும் அத்தையிடமும் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் "கோயமுத்தூர்ப் பொண்ணு தங்க மாட்டேங்குது" என்று ஆகிவிடும். அவர் சொன்னால் "அவனுக்கு லீவு இல்லையாம்" என்பதோடு போய்விடும். நியாயமில்லைதான். இருந்தாலும் எட்டாவது மாதத்தில் அந்தச் சண்டையை நீங்கள் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. போவது மே மாதம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. மாமா கட்டாயம் வீட்டில் இருப்பார். கையில் பணம்தான் இருக்காது. அரசு தரும் நிவாரணத்தில் இரண்டு மாதம் ஓட்டுகிற வீட்டில் புதுப்பெண்ணுக்கு விருந்து என்றால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? நாட்டுப்படகு மீனை ஆனை விலை குதிரை விலைக்கு வாங்கிக் குழம்பு வைப்பார்கள். நீங்கள் அதைத் தொடாமல் எழுந்திருப்பீர்கள்.

நான் இதில் பட்டவள். கல்யாணமான புதிதில், தடைக்காலத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சொந்தக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றோம். முன்வாசலில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, பின்வாசல் வழியாக ஒரு பொடியன் தூக்குச்சட்டியோடு ஓடினான். அரைமணி கழித்து இலையில் நண்டு. அன்றைக்குச் சாப்பிட்டது தொண்டையில் இறங்கவில்லை.

அதனால் ஒரு வாரம் முன்பே உங்கள் கணவரைப் பேசச் சொல்லுங்கள். "அவ மீன் சாப்பிட மாட்டா அத்தை, ரசமும் முட்டையும் போதும்" என்று நேராகச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். இலையில் உட்கார்ந்தபிறகு சொன்னால்தான் வருத்தம். போகும்போது ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம். நல்ல அரிசி ஒரு சிப்பம், எண்ணெய், பழம் வாங்கிப் போங்கள். கிளம்பும்போது உங்கள் கணவர் அத்தையைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டுப் பணம் கொடுக்கட்டும். மாமா முன்னால் வேண்டாம். அவர் வாங்க விடமாட்டார்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். முறைப்படி பார்த்தால் கணவருடைய அத்தை உங்களுக்குப் பெரியம்மா முறை. எப்படிக் கூப்பிடுவது என்று வாசலில் நின்று விழிக்காதீர்கள்.

கீழக்கரை சித்தப்பா விஷயம் சுலபம். கீழக்கரை உங்கள் வழியிலேயே இல்லை. ராமநாதபுரத்துக்குத் தெற்கே, தூத்துக்குடி போகிற சாலையில் இருக்கிறது. கிளம்பும் முன்பே போன் செய்து, இந்தத் தடவை அத்தை வீடு மட்டும் என்று சொல்லிவிடுங்கள். மறைக்க நினைக்காதீர்கள். பாலத்தில் நின்று எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைப்பீர்கள், முதலில் பார்ப்பது அவராகத்தான் இருக்கும்.

சரி, உங்கள் ஆசைக்கு வருவோம். சாப்பாட்டுக்கு முன் அரைமணி நேரம், உங்கள் இருவருக்கு மட்டும். அவர் படித்த பள்ளிக்கூடம், சைக்கிளில் சுற்றிய தெரு, தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள் எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துக் கடலில் பெரிய அலை இருக்காது, குளம் மாதிரி கிடக்கும். பெண்கடல் என்பார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். இரண்டும் சேருமிடம்தான் நீங்கள் போகிற அரிச்சல்முனை. பதினான்கு வயதில் அவர் அந்தக் கரையில் எங்கே உட்கார்ந்து வீட்டை நினைத்து அழுதார் என்பதை, சென்னைக் குடியிருப்பில் ஐந்து வருடம் குடித்தனம் நடத்தினாலும் கேட்டுத் தெரிந்துகொள்ள மாட்டீர்கள்.

கிளம்பும்போது முண்டு மிளகாய் வத்தலும் கருப்பட்டியும் வரும். கூடவே எப்படியும் ஒரு பொட்டலம் கருவாடு வரும். மாமியாருக்கு என்று கொடுப்பார்கள், மறுக்க முடியாது. மே மாத வெயிலில், ஏசி போட்ட காரில், இரண்டு நாள். இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றை இப்போதே டிக்கியில் போட்டு வையுங்கள்.